கூரைக்கும் தாலிக்கும் நடுவே பதினோரு செகண்டு

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் அப்படியே விட்டுவைக்கத் தெரியாதவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்துக்குச் சங்கம் ஏதாவது இருந்தால், அதன் மும்பை செம்பூர் கிளையின் செயலாளர் நான்தான். எங்கள் வீட்டு மிக்ஸி ஒன்பது வருடம் ஒழுங்காக அரைத்தது. அதன் சத்தத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. (அரைப்பதும்தான்.)

இப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு ஒரு பழைய காரை வாங்கினேன். அதுவும் கூரை மடங்கும் கார். வருடத்தில் நான்கு மாதம் மழை கொட்டுகிற ஊரில், துணிக்கூரை போட்ட, இரண்டே கதவுள்ள, என்னைவிட வயதில் மூத்த ஒரு கார். தேவ்நாரில் ஒரு கட்டடத்தின் பின்பக்கம் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. ஒரு காலத்தில் படப்பிடிப்புகளுக்கு வாடகைக்குப் போன வண்டியாம். நான் பார்த்தபோது அதன் சிவப்பு எங்கெங்கோ திட்டுத்திட்டாக இருந்தது. கூரை இருந்த இடத்தில் நாலு வளைந்த கம்பிகளும் கொஞ்சம் கிழிசலும் மிச்சம்.

லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் கணவர் கீழே இறங்கி வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவர் முலுண்டில் வளர்ந்தவர். எதற்கும் பதறாத மனிதர்.

"கோமதி, கூரை எங்க?"

"வரும்."

"தனியா வருதா?"

அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் மாடிக்குப் போய்விட்டார். அவர் அன்றைக்குச் சண்டை போட்டிருக்கலாம் என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

வடாலாவில் பட்டறை வைத்திருக்கும் அந்தோணியிடம் வண்டி போனது. அந்தோணிக்கு என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்பான். கெட்ட செய்தி சொல்வதில் அவனுக்கு ஒரு தனி நிதானம் உண்டு. "அக்கா, பிரேக்க மாத்துனா சீட்டு போயிரும்" என்றான். பிரேக்குக்கும் சீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தேன். பிரேக்கை மாற்றினோம். பிரேக் உருப்படியாகப் பிடிக்கத் தொடங்கியதும், முதல் சிக்னலிலேயே சீட்டு என்னோடு சேர்ந்து முன்னால் போய் நின்றது. சீட்டை இறுக்கினோம். இறுக்கிய வேகத்தில் அதன் கீழே தரைத் தகரம் பெயர்ந்து, செம்பூர் நாக்கா சாலையைக் காலடியில் பார்த்தபடி ஒரு வாரம் ஓட்டினேன். தரையைப் போட்டோம். கனம் கூடி, பின் ஸ்பிரிங் படுத்துவிட்டது.

இப்படியே ஒன்றரை வருடம். காலையில் ஹார்பர் லைன் ரயிலில் ஆபீஸுக்குப் போகும்போதுகூட என் கை சும்மா இராது. போனில் கைப்பிடி, கண்ணாடி, ஹாரன், விளக்கு என்று தேடிக்கொண்டே போவேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனை இரண்டு முறை விட்டிருக்கிறேன். எங்கள் கட்டட வாட்ச்மேன் தினமும் சாயங்காலம் "மேடம், காடி கப் சலேகி?" என்று கேட்பார். வண்டி எப்போது ஓடும் என்று அவருக்கும் கவலை. ஓடிக்கொண்டிருந்த நாட்களிலும் அதைத்தான் கேட்டார்.

ஆனால் கூரை மட்டும் அற்புதமாக அமைந்தது. தாராவியில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் தோல் பை தைக்கிற ஆறுமுகம் அண்ணன்தான் தைத்தார். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள். கறுப்புக் கேன்வாஸ், ஓரமெல்லாம் தோல் பட்டை, எங்கும் இரட்டைத் தையல். முதல் மழை பெய்த அன்று, எங்கும் போக வேண்டிய வேலை இல்லாமலே கீழே போய்க் காருக்குள் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் மழை கொட்டுகிறது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் என் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்கள் பிறந்த நாட்களோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்தால் கூரை அழகாகப் பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு நிமிடம்கூட ஆகாது. எனக்கோ பொத்தானை அழுத்தினால் மடங்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அந்தோணி பழைய சாமான் சந்தையில் ஒரு மோட்டார் தேடிப் பிடித்தான். பல் டாக்டர் நாற்காலியைத் தூக்கி இறக்கிய மோட்டார். மெதுவாக நகரும், ஆனால் எந்தக் கனத்தையும் தள்ளும். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்கங்கக்கா. இது திருகு மோட்டார். நடுவுல நின்னுச்சின்னா நின்ன எடத்துலயே நிக்கும். கையால அசைக்க முடியாது" என்றான். "நடுவுல ஏன் நிக்கப் போவுது?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. அவன் பதில் சொல்லாத இடங்களில்தான் நான் கவனமாக இருந்திருக்க வேண்டும். மோட்டார் பொருத்திய கையோடு, டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் வைப்பதற்காக, டிக்கிக்கும் அந்தப் பள்ளத்துக்கும் நடுவில் தகரம் அடித்து வெல்டும் வைத்தோம். அதுவும் என் யோசனைதான்.

இந்தச் சமயத்தில் என் தம்பி முத்துவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் மலர்விழி, மாட்டுங்காவில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. மாட்டுங்கா மண்டபத்தில், ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும்.

மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். முத்து நல்ல பிள்ளை. "யக்கா, வாடகைக்கு ஒரு வெள்ளக் கார் சொல்லிரலாமே. பூவெல்லாம் அவங்களே வச்சித் தந்துருவாங்க" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். திறந்த காரில் மாப்பிள்ளை வருவதன் கம்பீரத்தைப் பற்றி அவனுக்கு அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். அவன் ஒப்புக்கொண்டது கம்பீரத்துக்காக அல்ல, சாப்பாடு ஆறிக்கொண்டிருந்ததால்.

இங்கே எங்கள் பேச்சியம்மாள் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. அம்மா போன பிறகு எனக்கும் முத்துவுக்கும் எல்லாமே அத்தைதான். தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு பேரை வைத்து ஆண்டவள். அந்த அறையில் காலியிடம் என்று ஒன்று கிடையாது. கட்டிலுக்கு அடியில் அரிசி, அரிசிக்கு மேல் போர்வை, பரணில் பாத்திரம், பாத்திரத்துக்குள் பாத்திரம், கடைசிப் பாத்திரத்துக்குள் ரேஷன் கார்டு. ஒரு சாண் இடம் சும்மா கிடந்தால் அத்தைக்குத் தூக்கம் வராது. இப்போது செம்பூரில் எங்களோடு இரண்டு படுக்கையறை வீட்டில் இருந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. எங்கள் வாஷிங் மெஷினுக்குள் கையை விட்டால் சில சமயம் வெங்காயம் கிடைக்கும்.

கல்யாணத்தன்று காலை ஏழரைக்குக் கிளம்பும்போது தூறல். கூரையை ஏற்றி வைத்திருந்தேன். நான் பொத்தானுக்குப் போகும் ஒயரைக் கடைசியாக ஒரு தரம் பார்ப்பதற்காக ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டுக் கிடந்தேன். (பட்டுப்புடவையோடு.) பின் சீட்டில் அத்தை ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி கோமதி, இந்தச் சீட்டுக்குப் பின்னால ஒரு குழி காலியால்லா கெடக்கு. இது என்னத்துக்கு?"

"அது சும்மா கெடக்க எடந்தான் அத்த."

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். கூரை ஏறியிருக்கும்போது அது சும்மா கிடக்கிற இடம்தான். இறங்கும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டிய மனுஷி ஒயரைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

எட்டே முக்காலுக்கு மாட்டுங்காவில் மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த பிள்ளையார் கோவில் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். மேளக்காரர்கள், பெண் வீட்டார், வீடியோக்காரர் எல்லாரும் காத்திருந்தார்கள். முத்து சாமி கும்பிட்டு மாலை போட்டுக்கொண்டு வந்து பின் சீட்டில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து மழை நின்று வெயில் எட்டிப் பார்த்தது. இதற்காகத்தானே இரண்டு வருடம் உயிரை விட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். வீடியோக்காரரைக் கூப்பிட்டு, "இதை எடுங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

கூரை எழுந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. பெண் வீட்டுக் குழந்தைகள் கை தட்டின. கூரை பின்னால் சாய்ந்து, மடிந்து, மெதுவாக இறங்கியது. பிறகு நொறுநொறு என்று ஒரு சத்தம். பல் டாக்டர் மோட்டார் ஒரு நொடி திணறிவிட்டு மேலும் தள்ளியது. இன்னொரு நொறுநொறு. அப்புறம் டப் என்று ஏதோ வெடித்து, வண்டியே மொத்தமாக அணைந்தது. கூரை முக்கால்வாசி இறங்கிய நிலையில், முத்துவின் பிடரியை ஒட்டி நின்றுவிட்டது.

"ஏட்டி," என்றாள் அத்தை, "என் முறுக்கு."

சீர் முறுக்கு டின்னை அந்தக் குழியில் வைத்திருந்தாளாம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆறு பேர் வண்டியைத் தள்ள, மேளம் முன்னால் போக, முத்து குனிந்த தலை நிமிராமல் ஊர்வலம் வந்தான். நிமிர்ந்தால் கம்பி இடிக்கும். அடக்கமான மாப்பிள்ளை என்று பெண் வீட்டுப் பாட்டிமார் பேசிக்கொண்டார்கள்.

மண்டபத்தில் ஆரத்தி எடுத்து, மாப்பிள்ளையை மணையில் உட்கார வைத்து, நான் முகம் கழுவிக்கொண்டு நாத்தனார் முறைக்குத் தம்பிக்குப் பின்னால் போய் நின்றேன். தாலியில் தம்பி ஒரு முடிச்சுப் போட்டால் மற்ற இரண்டு முடிச்சும் நான் போட வேண்டும். முறுக்கை மறந்துவிட்டு அந்தப் பெருமையில் இருந்தேன். பத்து மணிக்குப் புரோகிதர் கையை நீட்டினார்.

"தாலிய எடுங்கோம்மா."

அத்தை என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் காதருகே குனிந்து சொன்னாள்.

"சிக்னல்ல எவனாச்சும் கைய விட்டுப் பறிச்சிட்டுப் போயிருவான்னு பயந்து, அந்தத் தாலிச் சம்புடத்தையும் குழிக்குள்ளதாம்ட்டி வச்சேன். முறுக்குக்கு அடியில. நீதான சும்மா கெடக்க எடம்னு சொன்ன."

நாங்கள் வாசலுக்கு ஓடிய ஓட்டத்தில் மேளக்காரர்கள் தாலி கட்டியாகிவிட்டது என்று நினைத்துக் கெட்டிமேளம் வாசித்துவிட்டார்கள். அதை நிறுத்த ஒருவர் உள்ளே ஓடினார்.

அடுத்த பத்து நிமிடம் ஆளாளுக்கு முயன்றார்கள். சமையல்காரர் நீளக் கரண்டியை விட்டுத் துழாவினார். முறுக்குத் தூள் வந்தது. ஒல்லியான சித்தப்பா ஒருவர் கையை விட்டுவிட்டு எடுக்க முடியாமல் தவித்தார். "டிக்கி வழியா எடுக்கலாமே" என்று என் கணவர் கேட்டார். எடுக்கலாம், போன மாதம் வரை. போன மாதம்தான் நான் தகரம் அடித்தேன். அதற்குள் அந்தோணி மாப்பிள்ளை வீட்டு விருந்தாளியாக, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து சேர்ந்தான். குனிந்து பார்த்தான். நிதானமாக நிமிர்ந்தான்.

"பியூஸ் போயிருச்சிக்கா. டின்னு கம்பிக்கு நடுவுல மாட்டியிருக்கு. போல்ட்டக் கழட்டி மோட்டார எறக்கணும். ஒரு மணி நேரம் ஆவும்."

மணி பத்து பன்னிரண்டு.

"துணிய அறுத்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அறுத்தா ரெண்டு நிமிசம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆறுமுகம் அண்ணனும் கூட்டத்தில் நின்றார். "நான் தச்சது. என் கையால அறுக்க மாட்டேன். நீங்களே செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். புரோகிதருக்கு என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "அவசரத்துக்கு ஒரு மஞ்சள் கிழங்கக் கயித்துல கோத்துக் கட்டலாம். தப்பில்லை. தாலியை அப்புறம் சேத்துக்கலாம்" என்றார்.

இந்த இடத்தில் நான் சொன்னதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் எழுதாவிட்டால் என் தம்பி சொல்லிவிடுவான்.

"ஆமா, அது நல்லாத்தான் இருக்கும்" என்றேன். "மஞ்சள் ஒடம்புக்கும் நல்லதுதான."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். சமையல்காரர் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். மண்டப வாசலில் சலசலப்புக் கேட்டது. முகூர்த்தப் புடவையும் மாலையுமாக மலர்விழி எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்தோணியைப் பார்த்துக் கேட்டேன். "வேற வழியே இல்லையா?"

"இல்லக்கா."

அறுத்தேன். இரட்டைத் தையல் லேசில் விடவில்லை. தோல் பட்டையைத் தாண்டியதும் துணி பர்ரென்று கிழிந்தது. உள்ளே கையை விட்டு, நசுங்கிய டின்னைப் பிடுங்கி எறிந்து, அடியிலிருந்து சம்புடத்தை எடுத்தேன். மூடி ஒடுங்கியிருந்தது. தாலிக்கு ஒன்றும் ஆகவில்லை, மஞ்சள் கயிற்றில் கொஞ்சம் முறுக்குத் தூள் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். பத்து இருபத்து நாலுக்கு முத்து தாலி கட்டினான். என் இரண்டு முடிச்சுகளை, அவசரத்தில், தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சாகப் போட்டுவிட்டேன். மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்க்கும்போது அதை யாராலும் அவிழ்க்க முடியாமல், என் சின்ன ஸ்க்ரூடிரைவரை வைத்து நானே நெம்பி அவிழ்த்தேன். மும்பையில் டூல்பாக்ஸோடு அந்தச் சடங்குக்குப் போன ஒரே நாத்தனார் நானாகத்தான் இருப்பேன்.

விஷயம் அத்துடன் முடிந்திருக்கும். நான்தானே வீடியோக்காரரிடம் "இதை எடுங்க" என்று சொன்னேன்? அவர் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். கல்யாண வீடியோவில் எல்லாம் இருக்கிறது. "இல்லக்கா" என்று அந்தோணி சொல்வதற்கும் நான் கத்தியை வைப்பதற்கும் நடுவில் பதினோரு செகண்டு. முத்து போனில் நேரம் பார்த்துச் சொன்னான். நான் உடனே அறுத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் நான் என்ன செய்கிறேன் தெரியுமா? இடது கையால் கூரையைத் தடவிக்கொடுக்கிறேன். இரண்டு தரம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் எந்த முடிவும் எடுக்க நேரம் பிடித்தால் எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். ஓட்டலில் தோசையா ஊத்தப்பமா என்று நான் மெனுவைப் பார்த்தால், மேஜையைச் சுற்றி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கேட்கும். என் கணவர்கூட எண்ணுகிறார். அத்தைதான் சத்தமாக எண்ணுவாள், குழியில் வைத்தது அவள் இல்லை என்பது போல.

போன ஆனியில் முத்து, மலர்விழி கல்யாண நாளுக்கு எல்லாரும் எங்கள் வீட்டில் கூடினோம். வழக்கம்போல வீடியோவைப் போட்டார்கள். வழக்கம்போல எண்ணினார்கள். எனக்கு அன்றைக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. அடுக்களைக்கு எழுந்து வந்துவிட்டேன். பின்னாலேயே மலர்விழி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்தாள். இத்தனை நாள் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன்.

"உனக்கு எம்மேல வருத்தம் இருக்கா மலர்?"

"எதுக்கு மதினி?"

"ஒன் தாலிக்கு முன்னால ஒரு துணிய யோசிச்சேன்ல."

அவள் டம்ளர்களைத் தொட்டியில் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்தாள். "அப்போ ஆத்திரமாத்தான் வந்துச்சி. அப்புறம் நெனச்சிப் பாத்தேன். ரெண்டு வருசம் கஷ்டப்பட்டுச் செஞ்சத ஒரு செகண்டுகூட யோசிக்காம அறுக்கறவங்களா இருந்தா, அந்த வீட்டுக்கு நான் எப்பிடி நம்பி வர்றது? நீங்க தடவிக்குடுத்துட்டு அறுத்தீங்க பாருங்க, அது எனக்குப் புடிச்சிருந்துச்சி."

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆனா மதினி, பத்து வரைக்கும் நானும் எண்ணிட்டுதான் இருந்தேன். பன்னெண்டு ஆயிருந்தா புடவைய மாத்திட்டு ஆபீஸுக்குப் போயிருப்பேன். அன்னைக்கு ஆடிட் வேற."

கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மோட்டாரைக் கழற்றிவிட்டேன், கூரையை மறுபடியும் கையால்தான் மடிக்கிறோம். ஸ்பீக்கரை மாற்றிவிட்டேன், சீட்டை இரண்டு தரம் மாற்றிவிட்டேன், இப்போது வண்டிக்குப் பச்சை நிறம் அடிக்கலாமா என்று ஒரு மாதமாக யோசனை. நான் கை வைக்காதது ஒன்றே ஒன்று. அறுத்த இடத்துக்கு ஒட்டுப் போட மனமில்லாமல் ஆறுமுகம் அண்ணன் அங்கே ஒரு நீளமான ஜிப் வைத்துத் தைத்துக் கொடுத்தார். கூரை மடங்கியிருந்தாலும் அதைத் திறந்து குழிக்குள் கையை விடலாம். இந்த வண்டியில் ஒரு நாளும் பழுதாகாத ஒரே பாகம் அதுதான். நேற்று திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டு கிலோ வெங்காயம் இருந்தது.